கோப்பை மூடும்போது வரும் பிழைகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கோப்பைத் திறக்கும்போது பிழை வந்தால் ஏறக்குறைய எல்லா நிரல்களும் கவனிக்கின்றன. எழுதும்போது வரும் பிழையையும் கவனமான நிரல்கள் சோதிக்கின்றன. ஆனால் க்ளோஸ் என்னும் அழைப்பு என்ன மதிப்பைத் திருப்பியது என்று பார்க்கும் நிரல்கள் அரிது. மூடுவது ஒரு துப்புரவு வேலை, அதில் தவறுவதற்கு ஒன்றுமில்லை என்ற எண்ணமே அதற்குக் காரணம். இந்த எண்ணத்தால் விளையும் கோளாறுகள் பெரும்பாலும் மூடும் இடத்தில் வெளிப்படுவதில்லை. வேறொரு த்ரெட்டிலோ, மறுநாள் திறக்கப்படும் காலிக் கோப்பிலோ, தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் ஒரு சாக்கெட்டிலோ அவை தலைகாட்டுகின்றன. ஆகவே இந்த வழிமுறை, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்துக்குப் போகிறது. முதன்மையாக லினக்ஸை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பிற இயங்குதளங்கள் வேறுபடும் இடங்களில் அது குறிக்கப்பட்டுள்ளது.

எந்த அறிகுறிக்கும் முன்பாக ஒரு அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நிரல் எழுதும் தரவு மூன்று நிலைகளைக் கடக்கிறது: முதலில் நிரலின் சொந்த நினைவகத்தில் மொழி நூலகம் வைத்திருக்கும் பஃபர், அடுத்து இயங்குதளத்தின் மையமான கெர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் பேஜ் கேஷ், இறுதியாக வட்டு அல்லது தொலைவிலுள்ள சர்வர். ரைட் அழைப்பு வெற்றி என்று சொன்னால், சாதாரணமாகத் திறந்த கோப்பைப் பொறுத்தவரை, தரவு இரண்டாம் நிலையை அடைந்தது என்று மட்டுமே பொருள். லினக்ஸில் க்ளோஸ் அழைப்பு முதலில் டிஸ்கிரிப்டர் எண்ணை, அதாவது திறந்த கோப்புக்குக் கெர்னல் கொடுத்த எண்ணை, விடுவிக்கிறது. பிறகு அந்தக் கோப்பு முறைமைக்கு என்று ஒரு ஃபிளஷ் செயற்கூறு இருந்தால் அதை அழைக்கிறது. கடைசியாகத் திறந்த கோப்பின் மீதான தன் பிடியைக் கைவிடுகிறது. நிரலுக்குத் திரும்பி வரும் பிழை இந்த இரண்டாம் படியில் பிறப்பது. மூன்றாம் படியில் கோப்பு முறைமைக்கு ஏதேனும் தவறு நேர்ந்தாலும் அதை யாரும் நிரலுக்குச் சொல்வதில்லை. இந்த வரிசை நினைவில் இருந்தால் கீழே வருவனவற்றில் பாதி தானே விளங்கிவிடும்.

அறிகுறி: க்ளோஸ், இடமில்லை என்றோ உள்ளீடு வெளியீட்டுப் பிழை என்றோ சொல்கிறது

எல்லா ரைட் அழைப்புகளும் வெற்றி பெற்றிருக்க, க்ளோஸ் மட்டும் ஈஐஓ (உள்ளீடு வெளியீட்டுப் பிழை), ஈநோஸ்பிசி (இடமில்லை), ஈடிகோட் (ஒதுக்கீடு கடந்தது) ஆகியவற்றில் ஒன்றைத் திருப்பினால், முதலில் பார்க்க வேண்டியது கோப்பு எந்தக் கோப்பு முறைமையில் இருக்கிறது என்பதே. ஈஎக்ஸ்டி4 போன்ற உள்ளூர் முறைமைகளில் இடமில்லாத நிலை ரைட் அழைப்பிலேயே தெரிந்துவிடும். அவற்றுக்கு மூடும்போது ஃபிளஷ் செய்யும் வழக்கமும் இல்லை. ஆகவே க்ளோஸ் இப்படிப் பேசினால், பெரும்பாலும் அது என்எஃப்எஸ் (வலைப்பின்னல் வழிக் கோப்பு முறைமை) அல்லது ஃபியூஸ் (சாதாரண நிரலாக ஓடும் கோப்பு முறைமை) வழியாக ஏற்றப்பட்ட முறைமையாக இருக்கும். என்எஃப்எஸ்ஸில் ஒரு கிளையன்ட் மூடிய கோப்பை இன்னொரு கிளையன்ட் திறந்தால் புதிய உள்ளடக்கம் தெரிய வேண்டும் என்பது உடன்பாடு. அதனால் மூடும்போது தேங்கிய தரவெல்லாம் சர்வருக்குத் தள்ளப்படுகிறது. சர்வரில் இடம் தீர்ந்திருந்தாலோ பயனரின் ஒதுக்கீடு கடந்திருந்தாலோ அது அந்த நேரத்தில்தான் கிளையன்ட்டுக்குத் தெரிய வருகிறது. ஃபியூஸில், ஃபிளஷ் செயற்கூறு திருப்பும் மதிப்பு அப்படியே க்ளோஸின் மதிப்பாக நிரலை வந்தடைகிறது.

இங்கே செய்யக்கூடாதது ஒன்று உண்டு: மீண்டும் க்ளோஸை அழைப்பது. டிஸ்கிரிப்டர் எண் ஏற்கெனவே விடுவிக்கப்பட்டுவிட்டது. பிழை வந்தாலும் அது திரும்பி வராது. செய்ய வேண்டியது, அந்தக் கோப்பின் உள்ளடக்கத்தை நம்பத்தகாததாகக் கருதி, கோப்பின் பாதையோடும் பிழையின் பெயரோடும் அதை மேல்நிலைக்கு அறிவித்து, மூலத் தரவு இன்னும் கையில் இருந்தால் வேறோர் இடத்தில் புதிதாக எழுதுவது. மூலத் தரவு கையில் இல்லாத நிலை வரக்கூடாது என்றால், மூடுவதற்கு முன்பே, தரவை வட்டுக்கோ சர்வருக்கோ அனுப்பி முடிக்கும் எஃப்சிங்க் அழைப்பை அழைக்க வேண்டும். அதே பிழை அப்போது வரும். ஆனால் டிஸ்கிரிப்டர் இன்னும் திறந்திருக்கும், எதை எழுதினோம் என்பதும் நிரலுக்குத் தெரிந்திருக்கும். என்எஃப்எஸ்ஸின் நான்காம் பதிப்பில் சர்வர் எழுதும் பொறுப்பைக் கிளையன்ட்டிடம் ஒப்படைத்திருந்தால் மூடும்போது தரவை முழுதாகத் தள்ள வேண்டிய கட்டாயம் இல்லாமலும் போகலாம் என்பதால், என்எஃப்எஸ்ஸிலும் க்ளோஸை மட்டும் நம்பியிருப்பது போதாது.

அறிகுறி: க்ளோஸ், சிக்னலால் இடையூறு ஏற்பட்டது என்கிறது

ரீட், ரைட் ஆகிய அழைப்புகள் ஈஇன்டிஆர் (சிக்னலால் இடையூறு) பிழையோடு திரும்பினால் ஒரு சுழற்சியில் மீண்டும் அழைக்க வேண்டும் என்பது யூனிக்ஸ் நிரலாளர்களின் பழக்கம். அதே சுழற்சியைக் க்ளோஸுக்கும் போட்டுவிடுவது இயல்பாகத் தோன்றும். லினக்ஸில் அது பிழையான நிரல். டிஸ்கிரிப்டர் எண் விடுவிக்கப்பட்ட பிறகுதான் ஈஇன்டிஆர் வரவே முடியும்; ஆகவே இரண்டாவது அழைப்பு ஒன்றுமில்லாத எண்ணை மூட முயல்கிறது. ஒற்றைத் த்ரெட் நிரலில் அதன் விளைவு ஓர் ஈபேட்எஃப் (செல்லாத டிஸ்கிரிப்டர் எண்) பிழை மட்டுமே. பல த்ரெட்டுகள் உள்ள நிரலில் நிலைமை வேறு: முதல் க்ளோஸுக்கும் இரண்டாம் க்ளோஸுக்கும் இடையிலான நொடிக்கும் குறைவான இடைவெளியில் இன்னொரு த்ரெட் ஒரு கோப்பையோ சாக்கெட்டையோ திறந்தால், காலியாக உள்ள எண்களில் மிகச் சிறியதைத்தான் கெர்னல் கொடுக்கும், பெரும்பாலும் அது இப்போது விடுபட்ட அதே எண்தான். இரண்டாம் க்ளோஸ் வெற்றிகரமாக அந்த அந்நியக் கோப்பை மூடிவிட்டு, எல்லாம் சரியாக நடந்ததாகத் திரும்பும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. ஈஇன்டிஆர் வந்தால் டிஸ்கிரிப்டர் திறந்திருக்கிறதா மூடப்பட்டதா என்பதை யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாஸிக்ஸ் தரநிலையின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு வரையறுக்காமல் விட்டுவிட்டது. லினக்ஸ், ஏஐஎக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி ஆகியவற்றில் டிஸ்கிரிப்டர் போய்விடும்; எச்பி-யூஎக்ஸில் அது திறந்தே இருக்கும், மறுபடி மூடத்தான் வேண்டும். 2024ஆம் ஆண்டின் பாஸிக்ஸ் இதை ஒழுங்குபடுத்தியுள்ளது: ஈஇன்டிஆர் என்றால் டிஸ்கிரிப்டர் திறந்திருக்கிறது, ஈஇன்ப்ராக்ரஸ் என்றால் அது மூடப்பட்டுவிட்டது என்று பிரித்ததோடு, பாஸிக்ஸ்_க்ளோஸ் என்ற புதிய அழைப்பையும் தந்திருக்கிறது. ஆனால் லினக்ஸ் கெர்னலின் நெடுங்கால நடத்தை இந்தப் பிரிவினைக்குப் பொருந்தாது என்பதால், தரநிலையைப் படித்துவிட்டு லினக்ஸில் சுழற்சி எழுதுவது ஆபத்தான வேலை.

நடைமுறைத் தீர்வு எளியது. லினக்ஸிலும் பிஎஸ்டி குடும்பத்திலும் ஈஇன்டிஆர் வந்தால் அதை மூடப்பட்டதாகவே எடுத்துக்கொண்டு நகர வேண்டும். பைத்தான் 3.5இல் பெப் 475 என்னும் மாற்ற முன்மொழிவு வந்தபோது பெரும்பாலான அழைப்புகளை ஈஇன்டிஆர் வந்தால் தானாகத் திரும்ப அழைக்கும்படி மாற்றியவர்கள், க்ளோஸை விதிவிலக்காக வைத்து அந்தப் பிழையைப் புறக்கணிக்கும்படி செய்ததும் இதே காரணத்தால்தான். எச்பி-யூஎக்ஸை ஆதரித்தே தீர வேண்டியவர்கள் அந்தத் தளத்துக்கு மட்டும் தொகுப்பு நேர நிபந்தனையோடு தனிக் கிளை எழுதலாம். எல்லாத் தளங்களுக்கும் பொதுவான ஒரே சுழற்சி என்ற ஒன்று இல்லை.

அறிகுறி: ஈபேட்எஃப், அல்லது தொடர்பில்லாத கோப்பில் வேற்றுத் தரவு

க்ளோஸ் ஈபேட்எஃப் என்று சொன்னால் அது சுற்றுச்சூழலின் குறை அல்ல, நிரலின் குறை. வட்டோ வலைப்பின்னலோ இந்தப் பிழையை உண்டாக்க முடியாது. நிரலில் எங்கோ ஒரே எண் இருமுறை மூடப்படுகிறது, அல்லது திறக்கப்படாத எண் மூடப்படுகிறது. பல குழுக்கள் இந்தப் பிழையைப் பதிவேட்டில் எழுதிவிட்டு மேலே போகின்றன. என் கருத்தில் இது நிரலை அங்கேயே நிறுத்தத் தகுந்த பிழை. ஏனென்றால் ஈபேட்எஃப் வருவது அதிர்ஷ்டமான நேரங்களில்தான். அதிர்ஷ்டமில்லாத நேரங்களில் அந்த எண் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும், இரண்டாம் க்ளோஸ் சத்தமில்லாமல் வெற்றி பெறும், தரவுத்தளக் கோப்புக்குள் பதிவேட்டு வரிகள் எழுதப்படுவது போன்ற விளக்க முடியாத நிகழ்வுகள் தொடரும்.

தேடத் தொடங்க வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது எஃப்டிஓப்பன். ஒரு டிஸ்கிரிப்டரைச் சி மொழியின் ஸ்ட்ரீமாக மாற்றியபின் அதன் உரிமை ஸ்ட்ரீமுக்குப் போய்விடுகிறது. எஃப்க்ளோஸ் அழைத்த பிறகு பழைய எண்ணையும் க்ளோஸ் செய்வது இருமுறை மூடுவதாகும். இரண்டாவது, பிழை நேர்ந்தபோது தாவும் துப்புரவுப் பகுதி: வழக்கமான பாதையில் ஏற்கெனவே மூடிய எண்ணை அந்தப் பகுதி மீண்டும் மூடுகிறது. மூடியவுடன் மாறியில் எதிர்ம ஒன்றை வைத்துவிடுவதும், துப்புரவுப் பகுதி எதிர்ம எண்ணைத் தொடாமல் விடுவதும் இதற்குப் போதுமான மருந்து. மூன்றாவது பலர் நினைத்துப் பார்க்காதது: நினைவகத்தைச் சுழியமாக்கித் தொடங்கிய ஒரு ஸ்ட்ரக்ட்டில் டிஸ்கிரிப்டர் மாறியும் சுழியமாகவே இருக்கும். கோப்பு திறக்கப்படும் முன்பே பிழை வந்து துப்புரவு நடந்தால், அது எண் 0ஐ, அதாவது நிலையான உள்ளீட்டை மூடிவிடும். அடுத்துத் திறக்கப்படும் கோப்புக்கு 0 கிடைக்கும். இரண்டாம் முறை இதே துப்புரவு நடந்தால் அந்தக் கோப்பும் போய்விடும். எண் 1ம் 2ம் இப்படிப் பறிபோனால் பிழைச் செய்திகளே யாரோ ஒருவரின் கோப்புக்குள் எழுதப்படும்.

கண்டுபிடிக்க உதவும் கருவிகள் பல. கெர்னல் அழைப்புகளைப் பதிந்து காட்டும் எஸ்ட்ரேஸை எல்லா த்ரெட்டுகளையும் பின்தொடரும்படி இயக்கி, திறப்பது, நகலெடுப்பது, மூடுவது ஆகிய அழைப்புகளை மட்டும் வடிகட்டி, எண்ணுக்குப் பக்கத்தில் கோப்பின் பாதையையும் காட்டச் சொன்னால், யார் மூடியதை யார் மறுபடி மூடுகிறார்கள் என்பது வரிசையாகத் தெரியும். வால்கிரைண்ட் என்னும் பிழைகாண் கருவியில் டிஸ்கிரிப்டர்களைக் கண்காணிக்கும் தேர்வு இருக்கிறது. அதன் புதிய வெளியீடுகள் இருமுறை மூடுதலை முதல் மூடுதலின் அழைப்படுக்கோடு சேர்த்துச் சொல்கின்றன. ஜிசிசி தொகுப்பியின் 13ஆம் பதிப்பு முதல் அதன் நிலைப் பகுப்பாய்வி தொகுக்கும்போதே இருமுறை மூடுதலை எச்சரிக்கிறது, ஒரே செயற்கூறுக்குள் நடப்பவற்றை நன்றாகப் பிடிக்கிறது. ஆண்ட்ராய்டு 10இல் வந்த எஃப்டிசான் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு எண்ணுக்கும் உரிமையாளர் யார் என்ற அடையாளத்தை வைத்துக்கொண்டு, உரிமையில்லாதவர் மூட வந்தால் தெரிவிக்கிறது. ஆண்ட்ராய்டு 11 முதல் நிரலையே நிறுத்திவிடுகிறது. அது வந்தபோது பல செயலிகளில் மறைந்திருந்த பிழைகள் வெளிவந்ததில் வியப்பில்லை.

அறிகுறி: க்ளோஸ் வெற்றி என்றது, மின்தடைக்குப் பின் கோப்பு காலி

இது க்ளோஸின் பிழை அல்ல. க்ளோஸ் தராத வாக்குறுதியை அது தந்ததாக நினைத்ததன் விளைவு. உள்ளூர்க் கோப்பு முறைமையில் மூடுவது பொதுவாகத் தரவை வட்டுக்கு அனுப்புவதில்லை. லினக்ஸின் இயல்பு அமைப்பில் மாற்றப்பட்ட பக்கங்கள் ஏறக்குறைய 30 விநாடி பேஜ் கேஷில் இருந்துவிட்டுத்தான் எழுதப்படுகின்றன. அதைக் கவனிக்கும் பின்னணி வேலை 5 விநாடிக்கு ஒருமுறை விழிக்கிறது. அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் தரவும் போகும். அதே இடைவெளியில் வட்டு பழுதடைந்தால், கோப்பை எழுதிய நிரல் எப்போதோ முடிந்து வெளியேறியிருக்கும். பிழையைக் கேட்க ஆளே இருக்காது.

ஆகவே, தரவு நிலைத்திருக்க வேண்டும் என்றால் மூடுவதற்கு முன் எஃப்சிங்க் அழைத்து, அதன் மதிப்பைச் சோதிக்க வேண்டும். பழைய கோப்பின் இடத்தில் புதியதை வைக்கும்போது வரிசை முக்கியம்: அதே அடைவில் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி எழுத வேண்டும், அதன்மேல் எஃப்சிங்க் செய்து, மூடி, இரண்டின் மதிப்பையும் சோதித்தபின் பெயரை மாற்ற வேண்டும், பிறகு அடைவையே திறந்து அதன்மேலும் எஃப்சிங்க் செய்ய வேண்டும். நடுவிலுள்ள எஃப்சிங்க்கை விட்டுவிட்டால், பெயர் மாற்றம் வட்டில் பதிந்து உள்ளடக்கம் பதியாமல், சுழிய நீளக் கோப்பு மிஞ்சக்கூடும். ஈஎக்ஸ்டி4 பரவலாகத் தொடங்கிய 2009 வாக்கில் இது பெரிய விவாதமாகி, 2.6.30 கெர்னலில் பெயர் மாற்றத்தின்போது தரவை முன்கூட்டியே எழுதத் தொடங்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. அது ஒரு பாதுகாப்பு வலை மட்டுமே, எல்லா முறைமைகளிலும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

எஃப்சிங்க் தோற்றால் என்ன செய்வது என்பதில்தான் அனுபவசாலிகளும் தடுமாறியிருக்கிறார்கள். மீண்டும் அழைத்தால் வெற்றி வரலாம். அந்த வெற்றியை நம்பக்கூடாது. எழுதத் தவறிய பக்கங்களைப் பல கோப்பு முறைமைகள் தூய்மையானவை என்று குறித்துவிடுகின்றன, எனவே இரண்டாம் அழைப்புக்கு எழுத எதுவும் மிச்சமிருக்காது. லினக்ஸ் 4.13க்கு முன்பு நிலைமை இன்னும் மோசம்: ஒரு பிழை யாரேனும் ஒருவருக்குச் சொல்லப்பட்டதும் அழிந்துவிடும், தொடர்பில்லாத ஒரு நிரலின் எஃப்சிங்க் அதை விழுங்கிவிடலாம். 2017இல் வந்த 4.13 முதல், பிழை நேர்ந்தபோது திறந்திருந்த ஒவ்வொரு கோப்புப் பிடிப்புக்கும் அது ஒருமுறையாவது தெரிவிக்கப்படுகிறது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இந்தச் சிக்கல் 2018இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2019 பிப்ரவரியில் வெளியான திருத்தப் பதிப்புகளிலிருந்து, எஃப்சிங்க் தோற்றால் சர்வர் தன்னை நிறுத்திக்கொண்டு முன்னெழுத்துப் பதிவிலிருந்து மீள்கிறது. உங்கள் நிரலுக்கு அப்படியொரு பதிவு இல்லையென்றால், முழுக் கோப்பையும் மூலத்திலிருந்து புதிய கோப்பாக எழுதுவதே நேர்மையான மீட்பு.

மேக்ஓஎஸ்ஸில் எஃப்சிங்க், வட்டின் உள் கேஷைக் காலி செய்யும்படி கட்டளையிடுவதில்லை. அங்கே எஃப்கன்ட்ரோல் வழியாக எஃப்_ஃபுல்எஃப்சிங்க் கேட்க வேண்டும்.

அறிகுறி: மொழி நூலகம் வழியாக எழுதினோம், கோப்பின் வால் பகுதி இல்லை, பிழையும் வரவில்லை

முதல் நிலையான நிரலின் பஃபரில்தான் இங்கே சிக்கல். கடைசிச் சில ஆயிரம் பைட்டுகள் மூடும்போதுதான் பஃபரிலிருந்து கெர்னலுக்குப் போகின்றன. ஆகவே இங்கே மூடுதல் என்பது உண்மையில் ஒரு ரைட். உள்ளூர் வட்டில் இடமில்லை என்றாலும் அது மூடும் கட்டத்திலேயே தெரியவரும். சி மொழியில் எஃப்க்ளோஸின் மதிப்பைப் பார்க்காதவர் இதைத் தவறவிடுவார். எஃப்க்ளோஸ் தோற்றாலும் ஸ்ட்ரீம் அழிந்துவிடும். மறுபடி அழைப்பது வரையறுக்கப்படாத நடத்தை. முன்பு நடந்த எழுத்துகளில் ஏதேனும் தவறியதா என்பதை அறிய, மூடுவதற்கு முன் எஃப்எரர் கேட்டு அந்த விடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் இடையில் தவறிய எழுத்துக்கு எஃப்க்ளோஸ் பொறுப்பேற்பதில்லை.

அழிப்பான்கள் தானாகக் கோப்பை மூடும் மொழிகளில் இந்தப் பிழை இன்னும் நன்றாக ஒளிந்துகொள்கிறது. சி++இல் ஓஎஃப்ஸ்ட்ரீமின் அழிப்பான் எந்தத் தோல்வியையும் வெளியே விடாது. நாமே க்ளோஸ் அழைத்து ஸ்ட்ரீமின் நிலையைப் பார்த்தால்தான் தெரியும். ரஸ்ட்டில் ஃபைல் என்பது ட்ராப் ஆகும்போது மூடும் பிழைகள் புறக்கணிக்கப்படும் என்று அதன் ஆவணமே சொல்லி, சிங்க்_ஆல் செயற்கூறைப் பரிந்துரைக்கிறது. பஃப்ரைட்டரும் ட்ராப் ஆகும்போது ஃபிளஷ் செய்ய முயன்று, தோல்வியை அமைதியாகக் கைவிடும். ஆகவே வழக்கமான பாதையின் முடிவில் ஃபிளஷை வெளிப்படையாக அழைத்து அதன் விடையை மேலே அனுப்ப வேண்டும்.

கோ மொழியில் டிஃபர் போட்டு க்ளோஸ் அழைப்பது படிக்கும் கோப்புகளுக்குப் பொருந்தும். எழுதும் கோப்புகளுக்கு அது பிழையைக் குப்பையில் போடும் வழி. திருப்பு மதிப்புக்குப் பெயரிட்டு, டிஃபருக்குள் க்ளோஸின் பிழையை அதில் வைக்கலாம், ஆனால் முன்பே ஒரு பிழை இருந்தால் அதை மேலெழுதக்கூடாது. பஃப்ஐஓவின் ரைட்டர் கோப்பை மூடும்போது தானாக ஃபிளஷ் ஆவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் வால் அறுந்த கோப்புகளுக்கு அதுவே அடிக்கடிக் காரணம். பைத்தானில் வித் தொகுதியை விட்டு வெளியேறும்போது பிழை ஒழுங்காக எழும்பும். ஆனால் கோப்பை மூடாமல் விட்டு, குப்பை சேகரிப்பு அதை மூடும்படி நேர்ந்தால், பைத்தான் 3.13க்கு முந்தைய பதிப்புகளில் அந்தப் பிழை சாதாரண இயக்கத்தில் காட்டப்படாது, உருவாக்கப் பயன்முறையில்தான் தெரியும். ஜாவா 7 முதல் உள்ள வளத்தோடு கூடிய ட்ரை தொகுதி, மூடும் பிழையை முதன்மைப் பிழையோடு அடக்கப்பட்ட பிழையாக இணைத்துத் தருகிறது. ஆனால் பிரிண்ட்ரைட்டர் பயன்படுத்தினால் எந்தப் பிழையும் எழும்பாது, செக்எரர் கேட்டால்தான் தெரியும்.

அறிகுறி: வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினோம், வட்டு நிறைந்தது, நிரலோ வெற்றி என்று முடிந்தது

இதைச் சோதிக்க லினக்ஸில் /டெவ்/ஃபுல் என்றொரு சாதனக் கோப்பு உண்டு. அதில் எழுதும் எதுவும் இடமில்லை என்ற பிழையைப் பெறும். உங்கள் நிரலின் நிலையான வெளியீட்டை அதற்குத் திருப்பி இயக்கி, வெளியேறும் குறியீட்டைப் பாருங்கள். சுழியம் வந்தால் நிரல் பொய் சொல்கிறது. நிலையான வெளியீட்டை யாரும் வெளிப்படையாக மூடுவதில்லை. எக்ஸிட்டின்போது நூலகம் பஃபரைக் காலி செய்கிறது, அப்போது வரும் பிழையைக் கேட்பவர் இல்லை. க்னூ கோர்யூட்டில்ஸ் நிரல்கள், வெளியேறும்போது நிலையான வெளியீட்டை மூடி அதன் விடையைச் சோதிக்கும் ஒரு செயற்கூறை அட்எக்ஸிட் மூலம் பதிந்துவைத்து இதைச் சரிசெய்கின்றன. சிறு நிரலில் மெயினின் முடிவில் எஃப்ஃபிளஷும் எஃப்எரரும் சோதித்தாலே போதும்.

அறிகுறி: க்ளோஸ் திரும்பி வரவே இல்லை

சிக்னலால் எழுப்ப முடியாத உறக்க நிலையில் நிரல் கிடந்தால், /ப்ராக்கில் அந்தச் செயல்முறையின் ஸ்டாக் கோப்பைப் பார்க்க வேண்டும். என்எஃப்எஸ் செயற்கூறுகள் தெரிந்தால் சர்வர் எட்டவில்லை என்று பொருள். இயல்பான ஹார்ட் ஏற்றத்தில் சர்வர் திரும்பும் வரை கிளையன்ட் காத்திருக்கும், சிக்கில் (SIGKILL) என்னும் கட்டாய நிறுத்தச் சிக்னல் மட்டுமே அதை அசைக்கும். சாக்கெட் என்றால் எஸ்ஓ_லிங்கர் என்னும் தேர்வு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அனுப்பாத தரவு போய்ச் சேரும் வரை அல்லது குறித்த நேரம் வரை க்ளோஸ் அங்கே காத்திருக்கும். நிகழ்வுச் சுழற்சியில் ஓடும் சர்வர்கள் இத்தகைய மூடுதல்களைத் தனித் த்ரெட்டுக்கு அனுப்புவது நல்லது.

அறிகுறி: மூடிவிட்டோம், ஆனால் மூடியதன் பலன் இல்லை

கோப்பை அழித்தும் வட்டில் இடம் திரும்பவில்லை. குழாயின் எழுதும் முனையை மூடியும் படிப்பவருக்கு முடிவு தெரியவில்லை. மூடிய சாக்கெட்டுக்கு, நிகழ்வுகளைக் கண்காணிக்கும் கெர்னல் வசதியான ஈபோல் இன்னும் நிகழ்வுகள் தருகிறது. மூன்றுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: டூப் (எண்ணை நகலெடுப்பது) அல்லது ஃபோர்க் (செயல்முறையையே நகலெடுப்பது) வழியாக அதே திறந்த கோப்புக்கு இன்னொரு எண் எங்கோ இருக்கிறது. நாம் மூடியது ஒரு பிடியை மட்டுமே. எல்எஸ்ஓஎஃப் கருவியில் இணைப்பு எண்ணிக்கை ஒன்றுக்குக் குறைந்த கோப்புகளைக் கேட்டால், அழிக்கப்பட்டும் திறந்திருப்பவை கிடைக்கும். குழந்தைச் செயல்முறைகளுக்கு எண்கள் கசிவதைத் தடுக்க, திறக்கும்போதே ஓ_க்ளோஎக்ஸெக் கொடுக்க வேண்டும். திறந்த பிறகு தனியாகக் குறிப்பது பல த்ரெட் நிரலில் ஃபோர்க்கோடு போட்டியிடும்.

அறிகுறி: எங்கோ ஒரு கோப்பை மூடியதும் பூட்டு காணாமற்போகிறது

எஃப்கன்ட்ரோல் வழியாகப் போடும் பாஸிக்ஸ் பூட்டுகள் டிஸ்கிரிப்டருக்கு அல்ல, செயல்முறைக்கும் கோப்புக்கும் உரியவை. அதே கோப்பை ஒரு நூலகம் தனியாகத் திறந்து, படித்து, மூடினால், அந்த மூடுதல் உங்கள் பூட்டையும் எடுத்துவிடும். பிழை எதுவும் வராது. எஸ்க்யூலைட் இதற்காகவே, பூட்டு நிலுவையில் இருக்கும் வரை டிஸ்கிரிப்டர்களை மூடாமல் ஒதுக்கிவைக்கிறது. லினக்ஸ் 3.15 முதல் திறந்த கோப்புக்கு உரிய ஓஎஃப்டி பூட்டுகள் உள்ளன. புதிய நிரல் என்றால் அவற்றையே தேர்ந்தெடுங்கள்.

அறிகுறி: பிழைச் செய்தி சூழலோடு பொருந்தவில்லை

ரைட் தோற்றதும் துப்புரவுக்காகக் க்ளோஸ் அழைத்து, பிறகு கடைசிப் பிழையின் எண்ணை வைத்திருக்கும் எர்நோவை அச்சிட்டால், அதில் இருப்பது க்ளோஸ் வைத்த மதிப்பாக இருக்கலாம். தோல்வி நேர்ந்த உடனே எர்நோவை ஒரு மாறியில் எடுத்துவைத்து, துப்புரவு முடிந்தபின் மீட்டெடுக்க வேண்டும். இரண்டும் தோற்றால் முதலில் தோற்றதைத்தான் அறிவிக்க வேண்டும்.

திருத்தத்தைச் சோதிப்பது

மேலே சொன்னவற்றைச் சரிசெய்தபின் சோதிக்க, எஸ்ட்ரேஸில் பிழையைப் புகுத்தும் வசதியைப் பலரும் நாடுகிறார்கள். மூன்றாவது க்ளோஸுக்கு மட்டும் ஈஐஓ கொடு என்பது போல அதனிடம் கேட்கலாம். பிழைப் பாதை ஓடுகிறதா, செய்தி சரியா, வெளியேறும் குறியீடு சரியா என்று பார்க்க அது போதுமானது. ஆனால் பிழையைப் புகுத்தும்போது எஸ்ட்ரேஸ் உண்மையான அழைப்பை நிகழவே விடுவதில்லை, எனவே டிஸ்கிரிப்டர் திறந்தே இருக்கும். உண்மையான லினக்ஸ் நடத்தைக்கு இது நேர்மாறு: திரும்பத் திரும்ப மூடும் தவறான நிரல் இந்தச் சோதனையில் அழகாகத் தேறும், சரியான நிரல் டிஸ்கிரிப்டரைக் கசியவிடுவதாகத் தெரியும். அதனால் மூடுதலைச் சோதிக்க, நிரலுக்கு முன்னால் ஏற்றப்படும் ஒரு சிறு பகிர்வு நூலகத்தை எழுதி, அதில் க்ளோஸ் என்ற பெயரில் ஒரு செயற்கூறை வைத்து, அது உண்மையான க்ளோஸை முதலில் அழைத்துவிட்டுப் பிறகு எர்நோவை ஈஐஓ ஆக்கி எதிர்ம ஒன்றைத் திருப்பும்படி செய்வதே உண்மைக்கு நெருங்கியது. எஃப்க்ளோஸுக்குள் நடக்கும் மூடுதலை இந்த நூலகம் இடைமறிக்க முடியாது, ஏனெனில் லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சி அங்கே தன் உள் வழியையே பயன்படுத்துகிறது. ஸ்ட்ரீம்களுக்கு எஃப்க்ளோஸ் என்ற பெயரிலேயே இதேபோல் ஒரு செயற்கூறு எழுத வேண்டும்.